விலாசம் மட்டும்

வெள்ளிக்கிழமை வந்த படம்
ஞாயிறு விடிவதற்குள் திருட்டுப் படமாகிவிட்டது.
ஏற்றியவனின் எண் இதுதான் என்று
செவ்வாயன்று ஒரு கடிதம் வந்தது,
மஞ்சக்குப்பத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும்
எங்கள் கேபிள் நெட் ஆபீஸுக்கு.

எண் எங்களுடையதுதான்.
எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இல்லை.
ஆளுக்கொன்று வாங்க வசதியில்லாமல்
ஒரே எண்ணை இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்குப்
பங்கு வைத்திருந்தார் முதலாளி கலியபெருமாள்,
ஒரு குழாயடியில் ஒரு தெருவே குடம் வைப்பதுபோல.

"அப்ப இருநூத்திப் பதினாலையும் குடுங்க" என்றார் வந்தவர்.
"மூணு மாசத்துக்கு.
கடுதாசியைப் பிரிக்கச் சொல்லல சார்,
மேல இருக்கிற விலாசம் மட்டும்தான்."
டீ குடித்தார். நல்ல மனிதர்.
மகளின் நீட் கோச்சிங்குக்கு வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார்.

ஞாயிறு அதிகாலை இரண்டே முக்கால்.
கடலூர் தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

சோனங்குப்பத்தில் ஒரு வீடு காற்றின் வேகம் பார்க்கிறது.
வண்டிப்பாளையம் அஞ்சலாட்சி,
மாதப் பணத்தைச் சில்லறையாகவே எண்ணித் தருகிறவர்,
புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில்
நாற்பது நிமிடம் நிற்கிறார்.
யாருக்கு என்று எண் சொல்லாது.
புதுப்பாளையத்து வாத்தியார்: ரம்மி.
மறுபடி ரம்மி.
ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி.
ரம்மி.
செம்மண்டலத்தில், போன வருடம் கம்பி இழுக்கப் போனபோது
நிமிர்ந்தே பார்க்காமல் தண்ணீர் கொடுத்த ஃபிட்டர்
ஆண்கள் ஆண்களைத் தேடும் ஓர் இடத்துக்குள்
நுழைகிறார், வெளியே வருகிறார்,
நுழைகிறார்.
பதினொரு முறை.

ஆல்பேட்டை செக்போஸ்ட் ஞாபகம் வந்தது.
பாண்டி பஸ்ஸில் யாரோ ஒருவரிடம் பாட்டில்.
எல்லாப் பையும் திறக்கும்.
பாட்டில் பெரும்பாலும் கிடைக்காது.
முன்சீட்டுப் பெண்
துணிக்கு அடியில் மறைத்திருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை
பஸ்ஸே பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

நூற்று முப்பத்தெட்டு என் வீடு.

அந்த இரவு முதுநகரில் கம்பி அறுந்து
நான் கம்பத்தின் மேல் இருந்தேன்.
வீட்டில் சுகந்தி மட்டும்.
இரண்டு ஐம்பது: புதுச்சேரியில் வாடகை வீடுகள்.
மூன்று ஐந்து: முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதி.
மூன்று இருபது: மின்கட்டணம்.
நான் கட்ட மறந்திருந்தது.
மூன்று இருபத்தாறு: குடும்பநல நீதிமன்றம்.
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.
ஐந்து மணிக்கு நான் கதவைத் தட்டியபோது
"சாப்ட்டியா" என்று கேட்டாள்.

அந்த ஒரு வரியை அழித்திருக்கலாம்.
அழித்தால் சாட்சியத்தைக் கலைத்த குற்றம் என்று
கடிதத்தின் கடைசிப் பத்தி சொன்னது.
கை அதன்மேல் வெகுநேரம் இருந்தது.
மற்ற இருநூற்றுப் பதின்மூன்றின் மேல்
ஒருமுறைகூடத் தயங்கவில்லை என்பது
ராத்திரிதான் உறைத்தது.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
ஏற்றியவன் பிடிபட்டானா, தெரியாது.
அந்தப் படத்தை நானும் பார்த்தேன்,
அறுந்த கம்பிக்கு ஸ்பிளைசர் வரும்வரை,
கலியபெருமாள் மகனின் போனில்,
கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து,
இடைவேளை வரை.
சுமாரான படம்.

வீட்டுக்கு வந்தால்
சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
என் சட்டைகளைத் தனியாக அடுக்கியிருந்தாள்;
எப்போதும் அப்படித்தானா, ஞாபகமில்லை.
கேள்வி தொண்டைவரை வந்தது.
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்
சட்டத்தையா சொல்வேன்?

"கரண்ட் பில் கட்டியாச்சா?" என்றேன்.
"ம்" என்றாள், நிமிராமல்.
"நேத்தா?"
"அப்பவே."

எப்போது என்று
நிமிடக் கணக்கில் எனக்குத் தெரியும்.
தலையாட்டினேன்,
தெரியாதவன்போல.